கரையில் எழும், கப்பலில் உறங்கும்

தம்பி ஹார்மென் எதையெல்லாம் ஜெயித்திருக்கிறான் என்று கேட்டால் ரூலி டோர்ன்போஸ் தேதியோடு சொல்வாள்.

1970 அக்டோபர் 6. எட்டு வயதில், ஸ்வோல்லெ என்ற டச்சு நகரத்து விடுதியிலிருந்து மூன்றாவது முறையாக ஓடினான். கப்பல்காரர்களின் பிள்ளைகளுக்கான விடுதி அது. ஏழு வயதில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். விடுதித் தலைவர் காரை எடுத்துக்கொண்டு துரத்தினார். ஹார்மென் தெரிந்தவர்களின் சரளைக்கல் கப்பல் ஒன்றில் ஏறித் தண்ணீர் வழியாக வந்தான். வழியில் மூன்று தூக்குப்பாலங்கள். கப்பலுக்காகப் பாலம் தூக்கினால் கார்தான் நிற்க வேண்டும். தலைவர் வந்து சேர்ந்தபோது அவன் அப்பாவின் கப்பலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். தலைவர் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

1978 ஆகஸ்ட் 12. ஸ்வார்ட்ஸ்லாய்ஸ் ஊர்த் திருவிழாவில் ஒற்றைத் துடுப்புப் போட்டி. படகின் பின்முனையில் நின்று ஒரே துடுப்பை இடமும் வலமுமாகத் திருகி ஓட்ட வேண்டும். பாதி வழியில் துடுப்பு நெடுக்காகப் பிளந்தது. பெல்ட்டைக் கழற்றித் துடுப்பைக் கட்டினான். மிச்ச தூரத்தை ஒரு கையால் துடுப்பையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு கடந்து இரண்டாவதாக வந்தான். பரிசு, எலும்போடு ஒரு முழுப் பன்றித்தொடை.

1984 மே 22. கப்பல் ஓட்டும் உரிமம். மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் ஒரு மணி நாற்பது நிமிடம் வாய்மொழித் தேர்வு. அன்று வந்த பதினொரு பேரில் தேறியவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவன்.

1993 நவம்பர் 30. கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகில் முறை தவறிப் புகுந்ததாகத் தன்மேல் வந்த புகாரை எதிர்த்து நின்று, கால்வாய் அலுவலகத்திடமிருந்து மன்னிப்புக் கடிதம் பெற்றான். ரூலி அதை நான்கு முறை வாசித்துக் காட்டினாள். நான்காவது முறை அவன் கேட்டுக்கொண்டதால்.

2003 பிப்ரவரி 8. கப்பல்காரர் சங்கத்துச் சீட்டுப் போட்டியில் முதல் பரிசு. தோற்றவர்களில் பெரியப்பா மகன் பெரெண்டும் ஒருவர். இதைச் சொல்லும்போது மட்டும் ரூலியின் குரல் ஒரு படி மேலே ஏறும்.

1989-இல் ஃப்ரௌக்கே என்ற பெண்ணை, காரும் காய்கறித் தோட்டமும் வைத்திருந்த ஒருவரோடு போட்டியிட்டு ஜெயித்ததும் உண்டு. எட்டு வருடம் கழித்துத் தோட்டக்காரரே திரும்ப ஜெயித்துவிட்டார். அதனால் ரூலி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இத்தனையையும் அவன் எழுதப் படிக்கத் தெரியாமல் ஜெயித்தான். எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. விடுதியில் அதைச் சோம்பல் என்றார்கள். பிறகு கப்பல் நின்ற ஊர்ப் பள்ளிகளில் மூன்று நாள் இங்கே, ஐந்து நாள் அங்கே என்று உட்கார்ந்ததில் அதற்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. ரூலியும் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள்தான். ஆனால் அவள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அப்பாவுக்குப் பிறகு 'ஆலிடா' என்ற அந்த ஐம்பத்தைந்து மீட்டர்ச் சரக்குக் கப்பலை இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள். அவன் ஓட்டுவான், அவள் வாசிப்பாள். தாளில் கையெழுத்துக் கேட்டால் அவன் கப்பலின் ரப்பர் முத்திரையைக் குத்துவான். பக்கத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். ஐம்பத்தைந்து வயதை நெருங்கியும் ஹார்மென் தன் பெயரை எங்கேயும் எழுதியதில்லை.

2007-இல் ரூலி ஒரு லேப்டாப் வாங்கினாள். அதில் எழுத்தை உரக்க வாசிக்கும் நிரல் ஒன்று இருந்தது. ஒரு பெண்குரல். எதை வாசித்தாலும் துக்க வீட்டில் ஆறுதல் சொல்வதுபோலவே வாசிக்கும். ஹார்மென் அதற்குப் 'பாதிரியார் சம்சாரம்' என்று பெயர் வைத்தான். டீசல் விலை ஏறியதையும் ரோட்டர்டாம் துறைமுகத்தில் பனிமூட்டம் என்பதையும் அந்த அம்மாள் ஒரே சோகத்தோடு சொல்வார். ஹார்மென் சுக்கானைப் பிடித்தபடி, "சரி, அழாதீங்க, பாத்துக்கலாம்" என்பான்.

பத்து வருடத்தில் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. மூடியின் கீல் தளர்ந்து, பின்னால் மாவு டப்பா முட்டுக்கொடுத்தது. ஒரு விசை கழன்றுபோன இடத்தில் ரூலி அழி ரப்பர்த் துண்டை ஒட்டியிருந்தாள். கிளம்ப நான்கு நிமிடம் ஆகும். புதிது ஒன்றும் வாங்கிப் பார்த்தார்கள். அது எடுத்த எடுப்பில் கடவுச்சொல் கேட்டது. பிறகு கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டி, நீ மனிதன்தான் என்றால் இதை அப்படியே எழுது என்றது.

"அக்கா, நான் மனுஷன் இல்லன்னு இது முடிவு பண்ணிடுச்சு" என்று ஹார்மென் அதை மூடி வைத்தான். அந்தப் பழைய நிரல் புதியதில் ஓடவும் இல்லை.

2017-ஆம் வருடம் மார்ச் 13, திங்கட்கிழமை, ரூலிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. ஆறு வாரம் ஏணி ஏறக்கூடாது. அதே வாரம் வியாழக்கிழமை 'ஆலிடா' ரோட்டர்டாமில் கால்நடைத் தீவனம் ஏற்ற வேண்டும். கூட வேலை பார்க்க ஸெனோன் இருந்தார். போலந்துக்காரர், அறுபது வயது, நல்ல உழைப்பாளி. டச்சு மொழியில் அவருக்குப் பேச்சே தடுமாறும், வாசிப்பு சுத்தமாக இல்லை. எந்தத் துறையில், எத்தனை மணிக்கு, தீவனம் கொட்டும் எந்தக் குழாய்க்குக் கீழே கப்பலை நிறுத்த வேண்டும் என்பது ஏஜென்சியிலிருந்து மெயிலில்தான் வரும். போனில் கேட்டால் அங்கே இருக்கும் பெண், "மெயில்ல போட்டிருக்கேனே" என்று மட்டும் சொல்வாள்.

ஆகப் பாதிரியார் சம்சாரம் வேலை செய்தால் ஹார்மென் தனியாகப் போவான். இல்லாவிட்டால் பெரெண்ட் வருவார்.

பெரெண்ட் தன் கப்பலை விற்றுவிட்டு ஓய்வில் இருந்தவர், வயது அறுபத்திரண்டு. ஒரு வாரத்துக்கு உதவ என்று இன்னொரு சொந்தக்காரர் கப்பலில் ஏறிப் பதினான்கு மாதம் இறங்காமல் இருந்தவர். "ஹார்மென் நல்ல பையன்தான். ஆனா கப்பல்னா இன்ஜின் மட்டுமா? தலை வேணும்ல?" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் ஒருமுறை சுக்கான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தம்பி மறுபடி அதில் உட்காரப்போவதில்லை என்று ரூலிக்குத் தெரியும். ஹார்மெனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. லேப்டாப்பைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஏனென்றால் லேப்டாப் ஜனவரியிலிருந்தே மக்கர் செய்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். விசிறி சுற்றும். திரையில் கம்பெனிச் சின்னம் வரும். வந்த வேகத்தில் திரை இருண்டு, விசிறி அடங்கிவிடும். இருபது தடவைக்கு ஒரு தடவை, ஏதோ இரக்கப்பட்டு எழுந்துகொள்ளும். ரூலி கப்பலில் இருந்தவரை மெயிலைத் தன் போனில் பார்த்து அவளே வாசித்துச் சொன்னாள். ஆனால் அவளோடு அந்தப் போனும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறது; அங்கே அதை எப்போது கையில் எடுக்க விடுவார்கள் என்று சொல்ல முடியாது.

ஸ்வார்ட்ஸ்லாய்ஸ் சர்ச் கூடத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை பழுதுபார்க்கும் கூட்டம் நடக்கும். உடைந்ததை எடுத்துக்கொண்டு போனால் ஓய்வுபெற்றவர்கள் உட்கார்ந்து சரிசெய்து தருவார்கள். ரேடியோ, கணினி வகையறாவுக்கு ஃபோப்பே என்ற பெரியவர். முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் இலாகாவில் இருந்தவர். ஜனவரி 21 அன்று ரூலி லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஃபோப்பே பொத்தானை அழுத்தினார். நான்கு நிமிடத்தில் லேப்டாப் எழுந்தது.

"ஒண்ணுமில்லையே" என்றார் ஃபோப்பே.

"கப்பல்ல இப்படிப் பண்ணலீங்க."

"தேதி மட்டும் 2002-ன்னு காட்டுது. உள்ள ஒரு சின்ன பட்டன் பேட்டரி செத்துப்போயிருக்கு. அதான் காரணமா இருக்கும்." பேட்டரியை மாற்றினார். தேதி சரியாயிற்று. ரூலி ஒரு காப்பியும் ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்கு வந்தாள். சுக்கான் அறையில் வைத்து அழுத்தினாள். சின்னம் வந்தது, இருண்டது.

பிப்ரவரி 4 அன்று மறுபடி போனாள். மறுபடி எழுந்தது. ஃபோப்பே உள்ளே திறந்து பத்து வருடத் தூசியை ஊதினார். ரொட்டித் துகள், தீவனத் தூள், ஒரு கோதுமை மணி. "இதுல விதைச்சா முளைக்கும்" என்றார். கப்பலுக்கு வந்ததும் லேப்டாப் சுத்தமாகவே தூங்கியது.

பிப்ரவரி 18 அன்று ஹார்மெனும் கூடப் போனான். அன்றும் கரையில் எழுந்தது.

"உங்க மெஷினுக்கு ஒண்ணும் இல்ல, உங்க கப்பலுக்குத்தான் ஏதோ இருக்கு" என்றார் ஃபோப்பே.

"கப்பலைத் தூக்கிட்டு வர்றதுக்கு சைக்கிள் கூடை பத்தாதுங்க" என்றான் ஹார்மென். "நீங்க வாங்க."

மார்ச் 11, சனிக்கிழமை, ஃபோப்பே ஒரு மரப்பெட்டி நிறையக் கருவிகளோடு கப்பலுக்கு வந்தார். முதலில் கீழே, சமையலறை மேசையில் காப்பி. அவர் லேப்டாப்பை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். ரூலிக்கு அது பிடிக்கவில்லை. அவள் கப்பலில் எல்லாப் பொருளுக்கும் ஓரிடம் உண்டு. லேப்டாப்பின் இடம் சுக்கான் அறை. ஆனாலும் விருந்தாளி கேட்கிறார் என்று கொண்டுவந்தாள். சமையலறையில் அது சமர்த்தாக எழுந்தது.

"அப்ப மேல வர்ற கரண்ட்லதான் கோளாறு" என்று ஃபோப்பே எழுந்தார். சமையலறையிலிருந்து நீளமான ஒயர் இழுத்து மேலே கொண்டுபோய் மாட்டினார். தூங்கியது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மட்டும் போட்டார். தூங்கியது. ஈரமோ என்று சந்தேகப்பட்டு ரூலியின் தலைமுடி உலர்த்தியால் கால் மணி நேரம் காற்றடித்தார். வெதுவெதுப்பாகத் தூங்கியது. ராடாரை அணைத்தார், ரேடியோவை அணைத்தார். கடைசியில் சுக்கான் அறையில் இருந்த ஒரே உயிருள்ள பொருள் சுவர்க்கடிகாரம்தான்.

ஃபோப்பே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டெலிபோன்ல நான் பாக்காத கோளாறு இல்ல. இடம் பாத்துத் தூங்கற மெஷின இப்பத்தான் பாக்கறேன்."

"மாடிப்படி ஏறினா இதுக்கு மூச்சு வாங்குதோ என்னமோ" என்றான் ஹார்மென். "அக்காவுக்கு மாதிரி."

ரூலி சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் அவளே பெரெண்டுக்குப் போன் செய்தாள். செய்துவிட்டு, பெரெண்டின் படுக்கைக்கு விரிப்பு மாற்றினாள். ஹார்மென் இன்ஜின் அறைக்கு இறங்கிப்போய், ஏற்கெனவே துடைத்திருந்த குழாய்களை மறுபடி துடைத்தான்.

பெரெண்ட் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஒரு பெட்டி, சொந்தக் காப்பிக் கோப்பை, நாற்காலியில் போட்டுக்கொள்ளச் சொந்தக் குஷன். நீல நிறம், நங்கூரம் பின்னியது. நேராகச் சுக்கான் அறைக்குப் போய் நாற்காலியில் குஷனை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் தாழ்வா இருக்கே" என்றார். "உயரம் எங்க மாத்தறது?"

"அது துருப்பிடிச்சு இறுகிப்போச்சு" என்றான் ஹார்மென். முந்தைய வாரம்தான் அவன் அதற்கு எண்ணெய் போட்டிருந்தான்.

ரூலியைக் கூட்டிப்போக டாக்ஸி பத்து மணிக்கு. அவள் தன் பெட்டியைச் சுக்கான் அறை வாசலில் வைத்துவிட்டு, பெரெண்டுக்கு எது எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஆணி கிடையாது. சுவர், மேசை, கூரை எல்லாம் இரும்பு. அதனால் காலண்டர், கத்தரிக்கோல், அம்மாவின் படம், சாவிகள், அவசர எண்கள் எழுதிய அட்டை எல்லாமே காந்தத்தில் நின்றன. பெரிய தள்ளுகப்பல்கள் கடந்துபோகும்போது எழும்பும் அலையில்கூட ரூலியின் அறையில் ஒரு பென்சில் உருளாது.

ஹார்மென் ஓரமாக நின்று லேப்டாப்பை அழுத்தினான். சின்னம் வந்து இருண்டது. மறுபடி அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தான். இன்ஜினில் சத்தம் மாறினால் அப்படித்தான் நிற்பான்.

"அதை விடப்பா" என்றார் பெரெண்ட். "செத்த கோழியத் தடவிக் கொடுத்தா முட்டையா போடும்? நான்தான் வந்துட்டேன்ல."

"அக்கா, இங்க வந்து இதைக் கேளு."

"டாக்ஸி வந்துடும்டா."

"ஒரே ஒரு தடவை கேளு. இப்ப அடங்குது பார். விசிறி சட்டுனு நிக்கல. ஒரு பெருமூச்சு விட்டுட்டு நிக்குது. இந்தப் பெருமூச்ச நீ கேட்டதில்ல?"

"லேப்டாப்போட பெருமூச்செல்லாம் நான் எதுக்குக் கேக்கறேன்?"

"தினமும் வேலை முடிஞ்சு நீ இதை மூடி வைப்பியே, அப்ப இதே சத்தம்தான் வரும். பத்து வருஷமா கேக்கறேன். இது ரிப்பேர் இல்ல அக்கா. யாரோ மூடிய மூடிட்டாங்கன்னு நினைச்சுத் தூங்கப்போகுது."

"மூடிதான் திறந்திருக்கே" என்றார் பெரெண்ட். "கண்ணு தெரியுதா உனக்கு?"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல." ஹார்மென் மூடியின் விளிம்பை விரலால் தடவினான். "மூடினது அதுக்கு எப்படித் தெரியும்? பட்டன் இருக்கணும், இல்ல ஊசி இருக்கணும். இங்க ரெண்டும் இல்ல."

அவன் இன்ஜின் அறைக்கு இறங்கிப்போனான். ஒரு சின்ன இரும்பு வாஷரை நூலில் கட்டித் தொங்கவிட்டபடி வந்தான். அதை லேப்டாப் மூடியின் விளிம்பு நெடுகக் கொண்டுபோனான். வலது மூலைக்குச் சற்று முன்னால் வாஷர் தானாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"மூடிக்குள்ள காந்தம்" என்றான். "மூடினா இது கீழ வந்து உக்காரும். அதுக்கு நேர் கீழ, விசைப்பலகைப் பக்கம், அதை உணர்ற ஏதோ ஒண்ணு இருக்கு. காந்தம் பக்கத்துல வந்தா தூங்கு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"சரி. திறந்திருக்கும்போது காந்தம் எங்கேருந்து வருது?" என்று ரூலி கேட்டாள்.

ஹார்மென் லேப்டாப்பைத் தூக்கிப் பெரெண்டின் கையில் கொடுத்தான். பிறகு வாஷரை, லேப்டாப் இருந்த இடத்தின்மேல், அதன் கீழே விரித்திருந்த பாயின்மேல் கொண்டுபோனான். வாஷர் நூலோடு விறைத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. தடக்கென்று ஒட்டியது. அவன் இழுத்தான். வரவில்லை.

பாயை ரூலிதான் செய்திருந்தாள். பழைய ரப்பர் விரிப்பை அளந்து வெட்டி, ஓரம் உயர்த்தி, உள்ளே எட்டுப் பைகள் தைத்து, சந்தையிலேயே மிக வலுவான வட்டக் காந்தங்களாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் வைத்துப் பாய்மர நூலால் தைத்தவள் அவள். அலையில் லேப்டாப் வழுக்கக்கூடாது என்பதற்காக. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டியிருக்கிறாள். ஃபோப்பேகூட அதைப் பார்த்து, நேர்த்தியான வேலை என்று பாராட்டிவிட்டுத்தான் லேப்டாப்பை அதன்மேல் வைத்துத் தலைமுடி உலர்த்தியால் காற்றடித்தார்.

"அக்கா" என்றான் ஹார்மென் மெதுவாக. "இந்தப் பாய நீ எப்பச் செஞ்சே?"

ரூலிக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனாலும் நினைவை நம்பி எதையும் சொல்கிறவள் அல்ல. கப்பல் குறிப்பேட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் வாசிக்காமல் மூடியிருக்கலாம். தம்பியால் வாசிக்க முடியாது, பெரெண்டின் கைகளில் லேப்டாப் இருந்தது. ஆனால் முப்பத்து மூன்று வருடமாகத் தம்பிக்கு ஒரு வரி விடாமல் வாசித்தவள் அவள்.

"ஜனவரி 9" என்று வாசித்தாள். "லேப்டாப்புக்குப் பாய் தைத்து முடித்தேன். மிகவும் உறுதி." ஒரு முறை தொண்டையைச் செருமினாள். "ஜனவரி 10. லேப்டாப் கிளம்பவில்லை. காரணம் தெரியவில்லை."

அவள் அந்த இரண்டு வரிகளின்மேலும் விரலை வைத்தாள்.

"அடுத்தடுத்த வரி" என்றாள்.

"நேர்த்தியான கையெழுத்துல" என்றான் ஹார்மென்.

"வாய மூடு."

"நான் மூடிடுவேன். அதுக்கப்புறம் என்னையும் எழுப்ப முடியாது, பாத்துக்கோ."

ரூலி பாயின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். மேசையை விட்டு வர மறுத்தது. ஹார்மென் உதவிக்கு வந்தான். மிகவும் உறுதி என்று எழுதியது உண்மைதான். இருவருமாக இழுத்ததில் பாய் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு வந்து, பெரெண்டின் பெல்ட் கொக்கியில் போய் ஒட்டியது. கையில் லேப்டாப்பை வைத்திருந்ததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெறும் மேசைமேல் லேப்டாப்பை வைத்து ஹார்மென் பொத்தானை அழுத்தினான். விளக்கு, விசிறி, சின்னம். சின்னம் அப்படியே நின்றது. நான்கு நிமிடம் மூவரும் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு திரை விரிந்தது. ஹார்மென் ஒரு மெயிலைத் திறந்தான். பாதிரியார் சம்சாரம் இரண்டு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்து, ரோட்டர்டாமில் வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மூன்றாம் எண் துறை என்பதை, அடக்கம் செய்யும் நேரத்தை அறிவிப்பதுபோல அறிவித்தார்.

"எனக்கும் ரொம்ப வருத்தம்தான்" என்று ஹார்மென் அவரிடம் சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு.

"அலை வந்தா வழுக்குமே" என்றார் பெரெண்ட், பாயைப் பிய்த்துக்கொண்டே.

"ஈரத் துணிய மடிச்சு அடியில வெச்சா வழுக்காது" என்றாள் ரூலி. "அம்மா தட்டுக்கெல்லாம் அப்படித்தான் வெப்பாங்க. எனக்குத்தான் புத்தி போகல."

"கரையில மெயில் வாசிச்சா போதுமா? நடுவுல ஏதாவது வந்தா?"

ரூலி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பெரெண்ட், டெலிபோன் இலாகாவுல முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர் கண்டுபிடிக்கல. சந்தையில விலை பேசி வாங்கின நான் கண்டுபிடிக்கல. நீங்க நாற்காலி உயரத்தைக் கண்டுபிடிக்கல. ஒரு வாஷர வெச்சு இவன் கண்டுபிடிச்சான். ஒரு எழுத்து வாசிக்காம. நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி. காப்பி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

பெரெண்ட் சொந்தக் கோப்பையிலேயே காப்பி குடித்தார். டாக்ஸி வந்தபோது, ஒரே வழிதானே என்று அதில் ஏறிக்கொண்டார். மடியில் குஷன். டாக்ஸிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை அவருக்குத்தான் என்று நினைத்து, மெயின் ரோடுவரை மெதுவாகவே ஓட்டினார். ரூலி திருத்தவில்லை.

வியாழக்கிழமை முழங்காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தபோது ஹார்மெனிடமிருந்து போன் வந்தது.

"ஏத்தியாச்சு."

"துறை சரியா கண்டுபிடிச்சியா?"

"மூணாம் நம்பர். ஏழு இருபதுக்கே போய் நின்னேன்."

"தாளெல்லாம்?"

"எல்லாம் ஆச்சு. வலிக்குதா உனக்கு?"

"வலிக்காம என்ன. பேசாம ஓட்டு."

வேறொன்றும் அவன் சொல்லவில்லை. பிறகு ஸெனோனின் குரல் கேட்டது. "ரூலி அம்மா. கப்பல் நல்லா. ஹார்மென் நல்லா. இன்னிக்கு நான் பான்கேக் போடறேன். விசேஷம்." என்ன விசேஷம் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. கப்பல் ஓடிய மகிழ்ச்சி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசி வாரம் ரூலி ஊன்றுகோலோடு கப்பலுக்குத் திரும்பினாள். முதல் வேலையாக, தான் இல்லாத நாட்களின் தாள்களை அடுக்கப் போனாள். ஹார்மென் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் திணித்திருந்தான். ஓரங்கள் மடங்கி, ஒன்றில் காப்பி வட்டம். அவள் ஒவ்வொன்றாக நீவித் தேதிவாரியாக அடுக்கினாள். மார்ச் மாதத்துச் சரக்கேற்றச் சீட்டின் மஞ்சள் பிரதியில் கப்பல் முத்திரை இல்லை. இருக்க வேண்டிய கட்டத்தில் வேறு ஏதோ கிறுக்கியிருந்தது. துறைக்காரர் யாராவது கிறுக்கியிருப்பார் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டாள்.

கிறுக்கல் இல்லை. முதல் எழுத்து கட்டத்தைவிடப் பெரிது. இரண்டாவது அதன்மேல் சாய்ந்திருந்தது. நடுவில் இரண்டு எழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கடைசி எழுத்து கட்டத்தைவிட்டு வெளியே இறங்கியிருந்தது. ஆனால் ஓரெழுத்தும் விடுபடவில்லை. அவள் விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள்.

"ஹார்மென்" என்று கூப்பிட்டாள்.

அவன் ஏணியில் பாதி இறங்கி நின்றான். அவள் கையில் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டான்.

"முத்திரையில மை காஞ்சு போச்சா?"

"இல்லையே. நல்லாத்தான் இருந்துது."

"டிராயர்ல காணலையா?"

"டிராயர்லதான் இருந்துது." அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "போன வருஷத்துலேருந்து சாக்பீஸ்ல எழுதிப் பாத்துட்டிருந்தேன். சரக்கறைச் சுவர்ல. கழுவி விடறதுக்கு முன்னாடி. ஸெனோன் பாத்துச் சிரிப்பாரு. அன்னிக்குத் துறையில இருந்த ஆளு பேனாவ நீட்டினான். வாங்கிட்டேன். ரொம்ப நேரம் பிடிச்சுது. பின்னாடி நாலு கப்பல் நின்னுது. ஒருத்தன் ஹார்ன் அடிச்சான்."

"அடிக்கட்டும்" என்றாள் ரூலி.

அவன் மேலே ஏறிப் போய்விட்டான். அவள் குறிப்பேட்டை எடுத்து, ஆஸ்பத்திரியில் இருந்ததால் வெறுமையாக விட்டிருந்த அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்தாள். மஞ்சள் தாளிலிருந்து பார்த்து, தன் அச்சுக் கையெழுத்தில், ஹார்மென் டோர்ன்போஸ் முதல்முறையாகத் தன் பெயரை எழுதிய நாளைக் குறித்தாள்.

2017 மார்ச் 16, வியாழக்கிழமை.